சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்து ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு நன்றி

பெயர் கேட்க விட்டுப்போயிற்று தம்பி, அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

அன்று மாலைக்குள் பத்தாம் வகுப்பு வினாத்தாள் அனுப்பியாக வேண்டும். லேப்டாப்பில் எந்த எழுத்தைத் தட்டினாலும் விழவில்லை. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால்தான் ஒன்று வந்தது. சர்வீஸ் கடையில் கீபோர்டையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். பிரிண்ட் எடுக்க வந்த இடத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு நீங்களாகத்தான் "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டீர்கள்.

உங்கள் கம்ப்யூட்டரின் யூஎஸ்பி கீபோர்டைக் கழற்றி என் லேப்டாப்பில் செருகினீர்கள். அதிலும் அதே கோளாறு. "அப்போ உங்க கீபோர்டு நல்லாதான்க்கா இருக்கு, விண்டோஸ்லதான் ஏதோ ஆன் ஆகியிருக்கு" என்றீர்கள். எவ்வளவு தெளிவான யோசனை! வலப்பக்க ஷிஃப்டை 8 விநாடி தொடர்ந்து அழுத்தினால் ஃபில்டர் கீஸ் என்ற வசதி இயங்கத் தொடங்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக, தவறிப் படும் தட்டல்களைக் கணினி பொருட்படுத்தாமல் விடும் ஏற்பாடாம். அருமையான வசதி, எனக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். செட்டிங்ஸில் அக்செஸிபிலிட்டி, அதற்குள் கீபோர்டு என்று போய் அணைத்தீர்கள். உடனே எழுத்துகள் ஓடின.

வரிசையில் ஆட்கள் நின்றார்கள். இருந்தும் அவசரப்படாமல், அடுத்த முறை நானே செய்துகொள்ளும்படி ஒருதரம் என்னையே செய்யவைத்தீர்கள். பிரிண்ட்டுக்கு மட்டும்தான் காசு வாங்கினீர்கள். வினாத்தாளும் நேரத்துக்குப் போய்விட்டது. ரொம்ப நன்றி தம்பி. நல்லா இருக்கணும் நீங்க.