பாப்பாவுக்கு, வண்டியைப் பற்றி

வில்லிவாக்கம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பட்டியலை மூன்று முறை படித்தேன். வண்டியை 35 மில்லிமீட்டர் கீழே இறக்கும் ஸ்பிரிங் நாலு, அகலக் குழாயோடு, புகையைத் தடையில்லாமல் விடும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் ஒன்று. பொங்கலுக்கு நீ புனேயிலிருந்து வருவதற்குள் இரண்டும் மாட்டியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். 60,000 ரூபாயும் வந்து சேர்ந்தது. போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், எனக்கும் கோர்வையாகச் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

சனிக்கிழமை காலை கொரட்டூர் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தோம். 82,000 கிலோமீட்டர் ஓடிய 2016 ஸ்விஃப்ட். இன்ஜின் நன்றாக இருக்கிறது, பாடியில் துரு இல்லை. ஆனால் முன்பக்க இடது ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வடிந்து அதன்மேல் புழுதி அப்பியிருந்தது. அதை மேலே பாடியோடு இணைக்கும் ஸ்ட்ரட் மவுண்ட் ரப்பர் வெடித்திருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறது என்றாயே, அது இதுதான். சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் இரண்டு பக்கமும் கிழிசல். திருப்பத்தில் சாய்வைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் லிங்க் ராடில் ஆட்டம். முன் டயரைக் கையால் தடவினால் மேடும் பள்ளமுமாக இருந்தது. ஷாக் அப்சார்பர் செத்துப்போனால் டயர் ரோட்டை ஒட்டி உருளாது, துள்ளித் துள்ளித்தான் ஓடும். துள்ளிய இடமெல்லாம் ரப்பரில் தேய்மானமாகத் தெரியும்.

அப்புறம் சைலன்சர். தீபாவளிக்கு வந்தபோது "அப்பா, இப்போ சத்தமே கெத்தா இருக்கு" என்றாய். அது சைலன்சரின் பின் பாக்ஸில் மடிப்பு ஓரத்தில் விழுந்த ஓட்டையிலிருந்து வந்த சத்தம், கண்ணு. அந்த ஓட்டைக்கு நானும் ஒரு காரணம். நீ ஊரில் இல்லாத மாதங்களில் பேட்டரி இறங்கக் கூடாதே என்று வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, 10 நிமிடம் நிற்கவைத்து அணைத்துவிடுவேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வரும். தூரம் ஓடினால் குழாய் முழுக்கச் சூடேறி அதெல்லாம் வெளியே போய்விடும். நின்ற இடத்திலேயே ஓடினால் பின் பாக்ஸ் வரை சூடு போகாது. தண்ணீர் அங்கேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கும். இனி வாரம் ஒருமுறை செங்குன்றம் வரை ஓட்டிவிட்டு வருகிறேன்.

ஒன்று செய்துவிட்டேன், கோபப்படாதே. முன் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மவுண்ட், கடைசி இடியைத் தாங்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப், தூசி உறையோடு உன்னைக் கேட்காமலேயே மாற்றிவிட்டேன். கம்பெனி அளவுதான், கேஸ் நிரப்பியது. வடிந்தது இடது பக்கம் மட்டும்தான் என்றாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் சாயும். வரும் செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், அந்த நிலையில் வண்டியை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மீதியை நீதான் முடிவு செய்ய வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் 27 வருஷம் ஷாக் அப்சார்பர் டெஸ்ட் பெஞ்சில் நின்றவன் நான். மெஷின் அதைப் பிடித்து மேலும் கீழும் இழுக்கும், எதிர்ப்பு விசை முட்டை வடிவ வளைவாக வரும். எண்ணெயில் காற்று கலந்திருந்தால் அந்த வளைவில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான் கெட்ட பீஸைத் தனியே எடுத்து வைப்போம். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது அமுங்கி எழும்பும்போது அடக்கிப் பிடிப்பது ஷாக் அப்சார்பர். எழும்பும்போது பிடிக்கும் விசை, அமுங்கும்போது உள்ளதைவிடப் பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். நீ கேட்கிற மாதிரி ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக்கிக் கடினமாக்கிவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரை விட்டுவைத்தால், அதனால் ஸ்பிரிங்கை அடக்க முடியாது. வண்டி இறுக்கமாகவும் இருக்கும், ஆடவும் ஆடும்.

நீ பிறப்பதற்கு முன், ஒரு நண்பனின் மாருதி 800-க்கு முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை நானே கட்டிங் வீலால் அறுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்துத் திருவள்ளூர் ரோட்டில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அறுத்த முனை அதன் இருக்கையை விட்டு நகர்ந்தது. ஸ்டீயரிங் இடது பக்கம் இழுத்து வண்டி மண்ணில் இறங்கி நின்றது. பின் சீட்டில் அவன் மனைவி கைக்குழந்தையோடு இருந்தார். யாருக்கும் அடி இல்லை. ஆனால் அந்த இரும்புச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

கடையில் விற்கும் லோயரிங் ஸ்பிரிங் அப்படி அறுத்தது இல்லை, ஒழுங்காகச் செய்தது என்று நீ சொல்வாய். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஊர்க் கணக்கைப் போட்டுப் பார். இந்த ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி, 170 மி.மீ., அதுவும் காலி வண்டிக்கு. நாலு பேரும் பெட்டியும் ஏறினால் சுமார் 35 முதல் 40 வரை இறங்கும். நீ இன்னொரு 35 இறக்கினால் மிச்சம் 100-ஐ ஒட்டித்தான் வரும். ரோட்டுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அத்தனை அகலத்தில் சாய்வாக இருந்தால் மெதுவாகத் தாண்டிவிடலாம். நம் தெருக்கோடியில் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டு வைத்திருக்கிறார்களே, அதில் எந்த அளவு இருக்கிறது? கணுக்கால் உயரத்துக்குச் சுவர் மாதிரி நிற்கிறது.

தரையில் இடிப்பதுகூடப் பெரிதில்லை. சக்கரம் மேலே ஏற எவ்வளவு இடம் இருக்கிறதோ அதுதான் சஸ்பென்ஷனின் சொத்து. பள்ளத்தில் விழும்போது அந்த இடம் தீர்ந்துபோனால், ரப்பர் பம்ப் ஸ்டாப்பில் இடித்து அடி நேராகப் பாடிக்குப் போகும். அந்த நொடியில் உனக்கு ஸ்பிரிங்கும் இல்லை, ஷாக் அப்சார்பரும் இல்லை. வளைவில் போகும்போது அப்படி இடித்தால் டயர் பிடியை விட்டுவிடும். இங்கே வேலைக்கு வந்ததும் நீ தினமும் போகப்போகும் வழி எது? பாடி, கோயம்பேடு, வடபழனி, கத்திப்பாரா, வேளச்சேரி, துரைப்பாக்கம், சிறுசேரி. மெட்ரோ வேலைக்குத் தோண்டி மூடிய தார் ஒட்டுகளும், ரோட்டைவிட மேலே நிற்கும் மேன்ஹோல் மூடிகளும் எத்தனை! ஐப்பசி மழையில் பள்ளம் தண்ணீருக்குள் மறைந்துவிடும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டவே ஒரு வண்டி வைத்திருந்தால் நானே இறக்கித் தருவேன். அங்கே ரோடு வழவழவென்று இருக்கும், திருப்பத்தில் சாய்வு குறைந்தால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் குறையும்.

உனக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிகிறது. திருப்பத்தில் வண்டி படகு மாதிரி சாயக் கூடாது, ஸ்டீயரிங் திருப்பியதும் முன்பக்கம் உடனே கேட்க வேண்டும், வேகத்தில் மிதக்கக் கூடாது. நியாயமான ஆசைதான். புது ஷாக் அப்சார்பர் போட்டு வீட்டுக்கு ஓட்டி வந்தபோதே அதில் பாதி கிடைத்துவிட்டதைப் பார்த்தேன். மீதிக்கு இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன்.

லோயர் ஆர்ம் புஷ்ஷும் லிங்க் ராடும் புதிது. பின்பக்கத்துக்கும் ஷாக் அப்சார்பர் ஜோடி, உயரம் மாறாமல். டயரை 165/80 ஆர் 14-லிருந்து (165 மி.மீ. அகலம், 14 அங்குல ரிம்) 185/65 ஆர் 15-க்கு மாற்றலாம், அதற்கேற்ற ரிம்மோடு. அது இதே ஸ்விஃப்ட்டின் மேல் மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த அளவு. இரண்டின் மொத்த விட்டமும் ஏறக்குறைய 620 மி.மீ.தான், அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. டயரின் பக்கச் சுவர் 132-லிருந்து 120 மி.மீ. ஆகும், ரோட்டில் படும் ரப்பர் அகலமாகும். நீ கேட்கிற கூர்மை அதிலிருந்து வரும். கடைசியில் வீல் அலைன்மென்ட்.

மாட்டும்போது நான் பக்கத்தில் நிற்பேன். ஷாக் அப்சார்பரின் பளபள ராடைப் பிளையரால் பிடிக்கவிட மாட்டேன், அதில் ஒரு கீறல் விழுந்தால் சீல் கிழிந்து மறுபடி எண்ணெய் வடியும். புஷ் போல்ட்டை வண்டி லிஃப்டில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் பட்டு எடை இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து ஒரு வருஷத்தில் கிழியும். அவசரத்தில் நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

சைலன்சர் விஷயத்தில் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 1.2 லிட்டர், டர்போ இல்லாத இன்ஜின். பின் குழாயை அகலமாக்குவதால் பவரில் உனக்குத் தெரிகிற அளவுக்கு மாற்றம் வராது. புகை குழாயில் துடிப்புத் துடிப்பாகப் போகிறது. அளவான குழாயில் வேகமாகப் போகும் ஒரு துடிப்பு அடுத்ததை இழுத்துக்கொண்டு போகும். குழாய் மிகவும் அகலமானால் அந்த வேகம் குறைந்து, 1,500 முதல் 2,500 ஆர்பிஎம்மில் இழுவை சோர்ந்துவிடும். வடபழனி டிராஃபிக்கில் உன் கால் இருக்கப்போவது அங்கேதான். நடு பாக்ஸை எடுத்துவிட்டால் ஓஎம்ஆரில் ஒரே வேகத்தில் போகும்போது காருக்குள் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் நிற்கும். ஐந்து நிமிடம் கேட்க நன்றாக இருக்கும். தினமும் மூன்று மணி நேரம் கேட்டால் தலை வலிக்கும். எதிர்வீட்டு நர்ஸ் அம்மா இரவு டியூட்டி முடித்துக் காலையில்தான் தூங்குகிறார். நீ கிளம்புவதும் அதே நேரம்.

கடைக்காரர், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் எடுத்துவிடலாம் என்று சொன்னால் அந்தப் பேச்சையே வளரவிடாதே. 1995-லிருந்து நம் ஊரில் புதுப் பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயம். அதை எடுத்தால் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்து இன்ஜின் விளக்கை எரியவிடும், கார்பன் மோனாக்சைடு அப்படியே ரோட்டில் நிற்பவர்களின் மூக்குக்குப் போகும். சட்டமும் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி சத்தம், புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000.

ஆனால் ஓட்டை விழுந்த பாக்ஸை அப்படியே வைத்திருக்க முடியாது. ஹாட்ச்பேக்கில் பின் கதவை ஒட்டிச் சுழலும் காற்று புகையை உள்ளே இழுக்கும். இப்போதைக்கு வெல்டிங் வைத்து அடைத்திருக்கிறது. அதே குழாய் அளவில், துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பின் பாக்ஸ் செய்து தருவதாகப் புதுப்பேட்டையில் ஒருவர் சொல்கிறார். சத்தம் இப்போது இருக்க வேண்டிய அளவுதான் இருக்கும். வெளியே தெரியும் முனையை மட்டும் உனக்குப் பிடித்த மாதிரி பாலிஷ் போட்டு வாங்கிக்கொள்ளலாம். எந்த மாதிரி என்று ஒரு படம் அனுப்பு.

வியாழக்கிழமைக்குள் பதில் சொன்னால் வெள்ளிக்கிழமை புஷ் வேலையை ஆரம்பித்துவிடுவேன். டயருக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இரண்டு கடையில் விலை கேட்டு வைக்கிறேன். மீதிப் பணத்துக்குக் கணக்கு எழுதி பில்லோடு வைத்திருப்பேன். அம்மா கேட்கிறாள், பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை நீ ஓட்ட, நாங்கள் உட்கார்ந்து வர முடியுமா என்று.

கழற்றிய இடது ஷாக் அப்சார்பரைத் தூக்கிப் போடவில்லை. மாடிப்படிக்குக் கீழே துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வந்ததும் கையால் அழுத்திப் பார். ஓர் இடத்தில் எதிர்ப்பே இல்லாமல் சட்டென்று உள்ளே போகும். எண்ணெய் போனது அந்த இடத்தில்தான்.

அன்புடன்,
அப்பா