குமுளி சேச்சிக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

மாத்திரைப் பழக்கத்தை விடுவதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த அக்கா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று கூடலூரில் நம் தெருவுக்கும் தோட்ட ஜீப்பில் கூட வரும் பெண்களுக்கும் தெரியும், மறுபடி கிளறப் போவதில்லை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என் பேரை மட்டும் போடாதே" என்றாள், சரி.

முதல் நன்றி மலைமேல் குமுளியில் ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை வைத்திருக்கும் சேச்சிக்கு. அட்மிட் ஆகணும் என்றால் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், பைஸ்டாண்டர் என்பார்கள், இருந்தே ஆகணும், அது நான். அக்காவின் பிள்ளை சின்னவனை வார்டுக்குள் விட மாட்டார்கள். அம்மாவால் மலை ஏற முடியாது, மாமா இருக்கிற நிலை உங்களுக்கே தெரியும். பிள்ளையை யாரிடம் விடுவது, திரும்பிப் போய்விடலாம் என்று அக்கா எழுந்தேவிட்டாள். பெஞ்சில் நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்கும் போல, சேச்சி டம்ளர் கழுவிக்கொண்டே "கொச்சு இங்க இருக்கட்டும், நீங்க போங்க" என்றார். யாருக்கு என்ன, எதற்கு இந்த ஆஸ்பத்திரி, ஒரு கேள்வி கிடையாது. சாயங்காலம் நான் இறங்கி வந்தபோது அவன் புட்டும் பழமும் தின்றுவிட்டுக் கடைக்குள்ளே தூங்கிக்கொண்டிருந்தான், நகமெல்லாம் வெட்டிவிட்டிருந்தார்! காசு கொடுத்தால் கையைத் தட்டிவிட்டார்.

அந்த ஒரு பகல் இல்லையென்றால் அக்கா அன்றைக்குச் சேர்ந்திருக்க மாட்டாள், மறுநாள் வந்திருப்பாளா என்பதும் சந்தேகம்தான்.

அக்காவுக்குத் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கிற வேலை. ஏலக்காய் செடியின் அடியில்தானே காய்க்கும், நாள் முழுக்கக் குனிந்தே எடுக்கணும். முதலில் இடுப்பு வலிக்கு மாத்திரை, அப்புறம் வீட்டுச் சண்டையில் தூக்கம் போய் அல்பிரசோலாம் என்கிற, பதற்றத்தைக் குறைத்துத் தூங்க வைக்கும் மாத்திரை. அந்த மாத்திரையைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனி நோட்டில் எழுதி வைக்கணும் என்று 2014 மார்ச்சிலிருந்தே விதி இருக்கிறது. அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்பதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு, வீட்டில் அடி, நிறையப் பெண்களுக்கு இப்படித்தான் ஆரம்பிக்கிறதாம், ஆரம்பித்தால் ஆண்களைவிடச் சீக்கிரமாகவே அடிமையாகிற நிலைக்குப் போய்விடுவதும் உண்டு என்றார் டாக்டர். ஆனால் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பெண்கள் குறைவு. ஆண் குடித்து விழுந்தால் நாலு பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள், பெண் என்றால் வெளியே தெரிந்தால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்தே ஒளித்து வைக்கிறாள். அக்காவும் அப்படித்தான்.

சின்னவனை அன்று மாலையே கீழே அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்த ஜீப் பெண்கள், எங்களுக்குச் சோறு கொடுத்துவிட்ட எதிர்வீட்டு மதினி, வேலை போகாமல் பார்த்துக்கொண்ட கங்காணி, இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும் என்று அக்காவுக்குப் பத்துத் தடவை பொறுமையாகச் சொன்ன நர்ஸ்கள், எல்லோருக்கும் கும்பிடு.

இனி நான் செய்யப் போவது இது. நம் பக்கத்தில் யாருக்காவது இப்படி இருந்தால் 14446க்குக் கூப்பிடுங்கள், போதைப் பழக்கத்தை விட உதவுகிற காசில்லாத நம்பர். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் பிள்ளையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், எதற்கு என்று நானும் கேட்க மாட்டேன்.

சேச்சிக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், படிக்க வராது. குமுளி போகிறவர்கள் யாராவது அந்தக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு இதைப் படித்துக் காட்டுங்கள்.