செண்டுமல்லிக்காரரை விட்டுவிட்டீர்களே

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஓட்டல் போன்ற பொது இடங்களில் நிற பேதம் காட்டக் கூடாது என்ற அமெரிக்காவின் 1964 சிவில் உரிமைச் சட்டம் பற்றிய கட்டுரையைத் தங்கள் ஞாயிறு இதழில் படித்தேன். அன்றைய அதிபர் ஜான்சன் இருக்கிறார், மார்ட்டின் லூதர் கிங் இருக்கிறார். மேலவையான செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த எவரெட் டிர்க்சன் பெயரை மட்டும் எங்கும் காணோம். முப்பது வருடம் சரித்திர வாத்தியாராக இருந்தவன், சும்மா இருக்க முடியவில்லை.

கணக்கைப் பாருங்கள். அன்று செனட்டின் 100 பேரில் 67 பேர் ஜான்சனின் ஜனநாயகக் கட்சி. மசோதாவை ஓட்டுக்கு விடாமல் பேசியே இழுத்தடிப்பதை நிறுத்தவும் அப்போது 67 ஓட்டுதான் தேவைப்பட்டது. அப்புறம் என்ன கவலை? அதே கட்சியின் தென்மாநிலத்துக்காரர்கள்தான் வாரக்கணக்கில் முறைபோட்டுப் பேசி மசோதாவை முடக்கினார்கள். மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட் ஒருவரே 14 மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஜூன் 10 அன்று 71க்கு 29 என்ற ஓட்டில் அந்த இழுத்தடிப்பு முடிவுக்கு வந்தது. ஜனநாயகக் கட்சியில் 23 பேர் எதிர்த்தார்கள். குடியரசுக் கட்சியின் 33 பேரில் 27 பேர் ஆதரித்தார்கள். அந்த 27 பேரைத் திரட்டியவர் டிர்க்சன்.

அவர் புரட்சிக்காரர் இல்லை, அசல் பழமைவாதி. ஓட்டல்காரர் யாருக்குச் சோறு போட வேண்டும் என்று அரசாங்கம் சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. மாநிலங்களுக்கு முதல் வாய்ப்புத் தர வேண்டும் என்று பேரம் பேசி, மசோதாவின் வாசகங்களை மாற்ற வைத்த பிறகே ஆதரித்துக் கை தூக்கினார்.

1933இல் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போனவர். கண் கோளாறால் 1948இல் போட்டியிடவில்லை. இரண்டே வருடத்தில் திரும்பி வந்து, செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் ஸ்காட் லூகாஸையே தோற்கடித்தார்!

என் மகன் இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில் வேலை பார்க்கிறான். டிர்க்சனின் சொந்த ஊரான பெக்கின் பக்கத்தில்தான். செப்டம்பரில் அங்கே செண்டுமல்லித் திருவிழா. செண்டுமல்லியைத் தேசிய மலராக்கச் சொல்லி 1959 முதல் அவர் செனட்டில் விடாமல் கேட்டிருக்கிறார். எங்கள் சந்தையில் விலை விழுந்தால் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற பூ! கடைசியில் 1986இல் ரோஜா தேசிய மலரானது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1969இலேயே போய்விட்டார்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்தச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட தன் கட்சி செனட்டர் கோல்ட்வாட்டரை, அடுத்த மாதமே சான்பிரான்சிஸ்கோவில் நடந்த கட்சி மாநாட்டில் அதிபர் வேட்பாளராக முன்மொழிந்தவரும் இதே டிர்க்சன்தான். கட்டுரையாளர் இதைப் பற்றியும் எழுதினால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
நிலக்கோட்டை.