டிஸ்ப்ளே மேல தப்பு இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மாணவர் இணைப்புல ஓலெட் டிஸ்ப்ளேல (ஆர்டுயினோ மாதிரி சின்ன கன்ட்ரோலர் போர்டுல மாட்டுற குட்டி ஸ்க்ரீன்) படம் காட்டுறது எப்படின்னு அரைப் பக்கம் போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அதுல விட்டுப்போனதுக்கெல்லாம் இப்ப நான்தான் கடைல உக்காந்து பதில் சொல்லிட்டிருக்கேன். மதுரைல எலக்ட்ரானிக்ஸ் ஸ்பேர்ஸ் கடை வச்சிருக்கேன், இது எக்ஸிபிஷன் சீசன் வேற, 0.96 இன்ச் டிஸ்ப்ளே வாங்கிட்டுப் போற பசங்க மறுநாளே "அண்ணே பீஸ் அவுட்டு, மாத்திக் குடுங்க"ன்னு வந்து நிக்கிறாங்க. என் டெஸ்ட் போர்டுல மாட்டினா பளிச்சுனு எரியுது.

சனிக்கிழமை ஒரு ஒன்பதாவது படிக்கிற பாப்பா அப்பாவோட வந்துச்சு. ஸ்க்ரீன் ஒரே இருட்டு. லேப்டாப்ப வாங்கிப் பாத்தா போர்டு அனுப்புற மெசேஜ் வர்ற சீரியல் மானிட்டர்ல 'அலொகேஷன் ஃபெயில்ட்'னு, அதாவது மெமரி ஒதுக்க முடியலன்னு வந்திருக்கு, அத யாரும் படிக்கல. கணக்கு இவ்ளோதான்: 128க்கு 64ன்னா 8192 புள்ளி, ஒரு பைட்டுக்கு 8 புள்ளி, ஆக ஒரு முழுப் படத்துக்கு 1024 பைட். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டுல ரேம், அதாவது ஓடும்போது வேலைக்கு வச்சுக்கிற மெமரி, மொத்தமே 2048 பைட். டிஸ்ப்ளேய ஓட்டுற அடாஃப்ரூட் லைப்ரரி (ரெடிமேட் ப்ரோகிராம்) தன் வேலைக்கு ஒரு 1024 எடுக்கும், நம்ம படமும் ரேம்லயே போய் உக்காந்தா மத்ததுக்கு இடம் ஏது? ப்ரோகிராம்ல படத்தோட டேட்டா இருக்கிற அரேல (பட்டியல்) 'ப்ரோக்மெம்' (PROGMEM)னு ஒரு வார்த்தை சேத்தா அது ப்ரோகிராம் இருக்கிற 32 கேபி ஃப்ளாஷ் மெமரிலயே இருந்துக்கும். சேத்தேன், ஸ்கூல் சின்னம் வந்துருச்சு. உங்க கட்டுரைல அந்த ஒரு வார்த்தை இல்லீங்க.

வந்துச்சே தவிர, படம் நொறுங்குன அப்பளம் மாதிரி துண்டு துண்டா இருந்துச்சு. படத்த டேட்டாவா மாத்துற டூல்ல புள்ளிய எந்தத் திசைல அடுக்கணும், ஹரிசான்டலா வெர்டிகலான்னு கேக்கும், இதுங்க கண்ணமூடிட்டு எதையோ அமுக்கிடுதுங்க. டிஸ்ப்ளேய இயக்குற எஸ்எஸ்டி1306 சிப் தனக்குள்ள எட்டு புள்ளிய மேலருந்து கீழா ஒரு பைட்டா வச்சுக்கும், ஆனா அடாஃப்ரூட் லைப்ரரிக்கு நாம குடுக்கிற படம் இடமிருந்து வலமா வரிசை வரிசையா இருக்கணும். படம் சரிஞ்சு விழுந்தாப்ல தெரிஞ்சா அது வேற கேஸ், 100 புள்ளி அகலப் படத்துக்கு ப்ரோகிராம்ல 128னு போட்டிருப்பாங்க.

அடுத்தது தமிழ். அந்தப் பாப்பா சின்னத்துக்கு அடுத்த ஸ்க்ரீன்ல 'வணக்கம்'னு நேரா டைப் பண்ணி அனுப்பியிருக்கு, ஒரு வரி முழுக்க கிறுக்கல். யூனிகோட்ல (யுடிஎஃப்-8) அந்த வார்த்தை 21 பைட், லைப்ரரில இருக்கிற ஃபான்ட்டுக்குத் தமிழ் தெரியாது, பைட்டுக்கு ஒண்ணுன்னு 21 கிறுக்கல போட்டுருச்சு. அதனால தமிழையும் படமாத்தான் மாத்தணும். பெயின்ட்ல கருப்பு வெள்ளைல பெருசா எழுதி சின்னதாக்காதீங்க, ஓரமெல்லாம் சாம்பலாகி பிசிறடிக்கும், எந்த அளவு வேணுமோ அதே அளவுலயே எழுதுங்க. டிதரிங் (சாம்பல் நிறத்த கருப்பு வெள்ளைப் புள்ளியாத் தூவிக் காட்டுறது) போட்றாதீங்க, அது ஃபோட்டோல முகத்துக்கு நல்லாருக்கும், எழுத்துக்குப் போட்டா அம்மை போட்ட மாதிரி ஆயிடும். நாங்க முதல்ல 16 புள்ளி உயரத்துல வச்சோம், 'ண'வோட சுழியெல்லாம் அடைச்சுக்கிட்டு 'ன' மாதிரியே தெரிஞ்சுது, பாப்பாவோட அப்பா தமிழ் வாத்தியார் போல, "வனக்கமா?"ன்னு மூஞ்சிய சுளிச்சுட்டாரு. 24 ஆக்கினதும்தான் மூணு சுழியும் தனித்தனியா நின்னுச்சு. 128க்கு 24, வெறும் 384 பைட்.

அடுத்த வாரம் ஒரு ஓரத்துலயாச்சும் இதப் போடுங்க சார். அதுவரைக்கும் டிஸ்ப்ளே மாத்திக் கேட்டு வர்றவங்க ப்ரோகிராமையும் கூட எடுத்துட்டு வாங்கன்னு கடை வாசல்ல எழுதி ஒட்டிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு ஸ்பேர்ஸ் கடைக்காரர், மதுரை