அவள் எழுதியது கற்பனை அல்ல

அறிவியல் விழா ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை ஜார்ஜ்டவுனில் உங்கள் அறிவியல் விழாவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். வியாழனுக்குப் போகிற விண்கலத்தைக் கொஞ்சம் திருப்பினால் வழியிலுள்ள சிறுகோளையும் ஆராயலாம் என்று என் ஐந்தாம் ஆண்டு மாணவி எழுதியிருந்தாள். அந்தப் பகுதிக்கு நடுவர் பூஜ்யம் போட்டு, ‘கற்பனை’ என்று குறித்தார். அந்தப் புள்ளியைத் திருத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அவள் எழுதியது நடந்த விஷயம். 1989-இல் கிளம்பிய கலிலியோ விண்கலம், வியாழனுக்குப் போகும் வழியிலேயே 1991-இல் காஸ்ப்ரா, 1993-இல் ஐடா என்ற சிறுகோள்களைப் படமெடுத்தது. ஐடாவை டாக்டில் என்ற குட்டி நிலா சுற்றுவது அந்தப் படங்களில்தான் தெரியவந்தது. சிறுகோளுக்கும் நிலா உண்டு என்பதற்கு அதுவே முதல் உறுதியான சான்று. லூசி விண்கலமோ டிங்கினேஷ் என்ற சிறுகோளை 64,000 கிலோமீட்டர் தள்ளித்தான் கடந்திருக்கும். 2023-இல் பாதையைச் சற்றே மாற்றினார்கள், 430 கிலோமீட்டர் அருகில் போனது. அங்கேயும் ஒரு துணைக்கோள்! எரிபொருள் அளவாகத்தான் இருக்கும், பார்க்கிற சிறுகோளுக்கெல்லாம் திரும்ப முடியாது என்றும் அவள் எழுதியிருந்தாள். நடுவர் அந்தப் பக்கம் வரை படித்தாரா?

ஐடாவைக் களிமண்ணில் இருபது சென்டிமீட்டர் நீளத்துக்குச் செய்திருந்தாள். அப்படியென்றால் டாக்டில் எவ்வளவு இருக்க வேண்டும்? அவளே கணக்குப் போட்டு, அம்மாவின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு மிளகை எடுத்துக் கம்பி நுனியில் ஒட்டினாள். திரும்பும்போது ஃபெர்ரியில் அதை மடியில் வைத்துக்கொண்டு பட்டர்வொர்த் வரை பேசவே இல்லை. இறங்கும்போது மட்டும், “டீச்சர், நான் பொய் எழுதிட்டேனா?” என்றாள். இல்லை என்றேன். அவள் என்னை நம்பினாளா, தெரியவில்லை. அவள் கையில் இருந்தது நடுவரின் தாள்.

இது இந்த ஒரு பிள்ளையோடு நிற்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் மாதக்கணக்கில் உழைத்துக் கொண்டுவருவதை ஐந்து நிமிடத்தில் புரட்டிவிட்டு ஓர் எண்ணை எழுதித் தருகிறீர்கள். காரணம் சொல்வதில்லை. மேல்முறையீடு என்றால் “முடிவு முடிவுதான்” என்கிறீர்கள். அப்புறம் நம் பிள்ளைகளுக்கு அறிவியலில் ஆர்வம் குறைகிறது என்று மேடையில் வருத்தப்படுகிறீர்கள்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். பரிசு கேட்டு எழுதவில்லை. அந்தப் பகுதியை மறுபடி படித்து, புள்ளியைத் திருத்தி, ‘கற்பனை’ என்ற சொல்லை அடித்துவிட்டு, அவள் பெயருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். பள்ளி விடுமுறைக்கு முன் வந்தால் நல்லது.

பணிவுடன்,
செபெராங் பிறையிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியை