கிளினிக் மருந்தை நிறுத்தச் சொல்லும் வைட்டமின் வியாபாரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பீடோர் வட்டாரத் தோட்டங்களில் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரத்தக் குழாய் அடைப்பை வைட்டமின் கரைத்துவிடும் என்று சொல்லி எங்கள் ஊர் மண்டபங்களிலும் தாமான் வீடுகளிலும் நடக்கும் வியாபாரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வைட்டமின் சி, இ, பி எல்லாம் அடங்கிய ஒரு மாதப் பெட்டி இருநூறு, முந்நூறு வெள்ளி. வாங்குகிறவர்கள் பால் மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள். காசு போவதாவது பரவாயில்லை என்பேன். "கிளினிக் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், அதை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடுங்கள்" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பேச்சைக் கேட்டு ரத்த அழுத்த மாத்திரையை விட்ட முன்னாள் மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஒருவர் இன்று ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் இருக்கிறார்.

இவர்கள் பேச்சு உண்மையில்தான் தொடங்குகிறது. ரத்தக் குழாய்ச் சுவரைத் தாங்கும் கொலாஜனை உடம்பு தயாரிக்க வைட்டமின் சி வேண்டும்; அது அடியோடு குறைந்தால் ஈறில் ரத்தம் கசியும். சுவரில் சுண்ணாம்புச் சத்து படியாமல் காக்கும் ஒரு புரதம் வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். இதெல்லாம் சரி. ஆனால் குறைந்தால் கெடுதல் என்பதிலிருந்து, நிறையச் சாப்பிட்டால் அடைப்பு கரையும் என்று ஒரே தாவாகத் தாவுகிறார்கள். அடைப்பு என்றதும் சமையலறைக் குழாயில் அழுக்கு அடைவதுபோல நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. கெட்ட கொலஸ்ட்ரால் குழாயின் உள்சுவருக்குள்ளேயே புகுந்து தங்குகிறது. அதை விழுங்க வரும் வெள்ளை அணுக்களும் அங்கேயே சிக்கி, வீக்கம் கண்டு, பல வருடங்களில் மேடாகிறது. அந்த மேடு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறையும்போதுதான் பெரும்பாலும் மாரடைப்பு வருகிறது. மேலாகக் கழுவிவிட அங்கே ஒன்றுமில்லை.

இந்தக் கொலஸ்ட்ரால் ஆக்சிஜனோடு சேர்ந்து மேலும் கெட்டுப்போவதை வைட்டமின் இ தடுக்கும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே பெரிதும் நம்பினார்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஹோப் ஆய்வில், 55 வயதைத் தாண்டிய, மாரடைப்பு ஆபத்து அதிகமுள்ள 9,500-க்கும் மேற்பட்டவர்களைச் சுமார் நாலரை ஆண்டுகள் கவனித்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 400 யூனிட் வைட்டமின் இ, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இதய நோய் மரணத்திலும் வித்தியாசமே தெரியவில்லை. அதே ஆய்வில், அதே மக்களிடம், ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரையையும் சோதித்தார்கள். அது இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைத்தது. நம் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டணத்தில் தரும் பெரிண்டோப்ரில், எனலாப்ரில் எல்லாம் அதே வகைதான். இந்த வகை மாத்திரையைத்தான் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தைக் காக்கவும் கொடுக்கிறார்கள். கிட்னியைக் கெடுப்பது கட்டுக்குள் வராத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். அதைத் தடுக்கிற மருந்தின் மேல் பழி போட்டு விற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பி வைட்டமின்களின் கதை கொஞ்சம் வேறு. ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ரத்தத்தில் மிகுந்தால் குழாய் கெடுகிறது என்று 1969-இல் கில்மர் மெக்கல்லி என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். ஃபோலிக் அமிலம், பி6, பி12 கொடுத்தால் அது இறங்கும். 2006-இல் வந்த பெரிய ஆய்வுகளில் அது இறங்கத்தான் செய்தது, மாரடைப்பு குறையவில்லை. ஆனால் 2015-இல் சீனாவில், ரத்த அழுத்தம் உள்ள 20,000-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு எனலாப்ரிலோடு ஃபோலிக் அமிலமும் சேர்த்துக் கொடுத்ததில், எனலாப்ரில் மட்டும் சாப்பிட்டவர்களைவிட முதல் பக்கவாதம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அங்கும் எல்லோரும் ரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். விற்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை.

வைட்டமின் மாத்திரை யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபோர்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கும் முழுச் சைவர்களுக்கும் பி12 குறையலாம். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடாமல், கிளினிக்கில் பி12 அளவைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் வைட்டமின் கே உள்ள எந்தப் பெட்டியையும் தொடவே கூடாது. மருந்தின் வேலை கெட்டுவிடும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு, உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயை அதிகமாக்கியது என்று 1994-இல் பின்லாந்து ஆய்வு காட்டியது. அந்தப் பெட்டிகள் சிலவற்றில் அதுவும் இருக்கிறது.

நம்மைச் சுற்றியுள்ள செம்பனையிலிருந்தே எடுத்தது என்று பெருமையாகச் சொல்லி விற்கும் தோக்கோட்ரைனோலும் வைட்டமின் இ குடும்பம்தான். அது மாரடைப்பைத் தடுத்ததாகப் பெரிய ஆய்வு எதுவும் காட்டியதில்லை. அப்புறம், வைட்டமின் சி வேண்டுமென்றால் பீடோர்க்காரர்களுக்கு என்ன பஞ்சம்? நம் ஊர்க் கொய்யாவில் ஆரஞ்சைவிட அதிகம். முருங்கைக்கீரை கொல்லையிலேயே நிற்கிறது.

பெட்டியில் எம்.ஏ.எல். எண் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அந்த எண் பொருள் பதிவு செய்யப்பட்டது என்பதைச் சொல்கிறது. அடைப்பு நீங்கும் என்பதற்கு அது சான்று ஆகாது. இதய நோயையும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரை நோயையும் குணமாக்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956-இன் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமே தடுக்கிறது. அப்படி யாராவது பேசினால் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவிடம் புகார் செய்யலாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு நாள் அரைப் பக்கம் ஒதுக்கி, அரசாங்க மருந்தாளர்களைக் கொண்டு நம் பெரியவர்களின் மருந்துச் சந்தேகங்களுக்குத் தமிழில் பதில் தரச் செய்யுங்கள். மாத்திரை சாப்பிட்டால் கை கால் வலிக்கிறது என்பவருக்கு, நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்று எடுத்துச் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கட்டும். கோயில், மண்டப நிர்வாகத்தினருக்கும் ஒரு வார்த்தை: இப்படிப்பட்ட கூட்டத்துக்கு இடம் கேட்டு வந்தால், என்ன பொருள், என்ன பேசப்போகிறார்கள் என்று எழுத்தில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பீடோர், பேராக்