ஐடில்ல முள்ளு ஆடுதுன்னு எழுதின மாப்ளைக்கு

மாப்ள செந்திலு,

உன் கடுதாசி கெடச்சுது. புது வண்டி எடுத்ததுல ரொம்ப சந்தோஷம்டா, ஆனா நாலு பக்கத்துல மூணு பக்கம் ஐடில்ல, அதாவது ஆக்ஸிலரேட்டர மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடறப்ப, ஆர்பிஎம் முள்ளு (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தன சுத்து சுத்துதுன்னு காட்டற முள்ளு) ஆடறதப் பத்தியே எழுதி வச்சிருக்க, தங்கச்சி எப்படி இருக்கு பசங்க என்ன படிக்கறாங்கன்னு ஒரு வரி இல்ல. இங்க அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு மெதுவா நடக்கறாங்க, பெரியவன் ஓசூர்ல வேலைக்குச் சேந்துட்டான். சரி, உன் முள்ளுக்கு வரேன்.

காலைல ஸ்டார்ட் பண்ணுனதும் 1400ல நிக்குது, அப்புறம் எறங்கி 750க்கு வருதுன்னு எழுதிருக்க. அது நோய் இல்லடா. கோத்தகிரி குளிருக்கு இன்ஜின் சூடேற நேரம் ஆகும், அதோட பிஎஸ்6ங்கற மாசு விதிப்படி வந்த வண்டில பொகைக் குழாய்ல இருக்கற கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அதாவது பொகைய சுத்தம் பண்ற டப்பா, கிட்டத்தட்ட 250, 300 டிகிரி வந்தாத்தான் வேலையே செய்யும், அதனால இன்ஜின நடத்தற கம்ப்யூட்டர், அதான் இசியூ, வேணும்னே ஆர்பிஎம்ம ஏத்தி, ஸ்பார்க்க லேட்டா குடுத்து, சூடான பொகைய அங்க தள்ளுது. சத்தம் கொஞ்சம் கரகரன்னு இருக்கறதும் அதுக்குத்தான். சும்மா நிறுத்தி உறும விடாத, மெதுவா ஓட்டிட்டுக் கெளம்பு, சீக்கிரம் எறங்கிரும்.

ஏசி போட்டா முள்ளு துள்ளுதுங்கறது அதவிட சிம்பிள். மூட்டை தோள்ல ஏறுறதுக்கு முன்னாடியே சுமைக்காரர் காலை ஊனி நிப்பாரே, அந்த மாதிரி ஏசி கம்ப்ரஸர் இன்ஜினோட சேரப்போகுதுன்னு தெரிஞ்சதும் இசியூ திராட்டில, அதாவது இன்ஜினுக்குக் காத்து போற கதவ, கொஞ்சம் தொறந்து 850, 900க்குக் கொண்டுபோயிரும், கம்ப்ரஸர் விட்டதும் திரும்ப எறக்கும். ரேடியேட்டர் ஃபேன் ஓடுனாலும், நின்ன எடத்துல ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சாலும் இதே கதைதான். மேட்டுப்பாளையம் எறக்கத்துல கியர்லயே வர்றப்ப கிளட்ச் மிதிச்சா முள்ளு தொபுக்குன்னு விழுந்து ஏறுதுன்னயே, அந்த எறக்கத்துல கால எடுத்ததும் இன்ஜெக்டர் பெட்ரோல சுத்தமா நிறுத்திரும்டா, கிளட்ச் மிதிச்சதும் மறுபடி விடணும், அந்த இடைவெளிதான் உனக்கு விழற மாதிரி தெரியுது. லேசா விழுந்து நின்னா சரி, ஆஃப் ஆகுற அளவுக்குப் போனா சரியில்ல.

அப்ப எது தப்புன்னு கேப்ப. வண்டிய நல்லா ஓட்டி சூடேத்திட்டு, சமதளத்துல நிறுத்தி, நியூட்ரல்ல போட்டு, ஏசி லைட்டு பாட்டு எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு முள்ளயே பாரு. ரேடியேட்டர் ஃபேன் ஓடாத நேரமா பாத்துக்க. சும்மா 20, 30 நடுங்குனா கண்டுக்காத. எந்த சுமையும் இல்லாதப்பவே 600, 1000, திரும்ப 600ன்னு மூச்சு விடற மாதிரி சீரா ஏறி எறங்குனா அதுதான் ஹண்டிங், அது வேற விஷயம். புது வண்டில அதுக்குப் பெரும்பாலும் காரணம் காத்து லீக்குதான், அதாவது இன்ஜினுக்குள்ள கணக்குல வராத காத்து நுழையறது, ஏதாவது ஒரு ஹோஸ் சரியா உக்காராம இருக்கும், இல்ல ஏர் ஃபில்டர் பாக்ஸ் கிளிப் பூட்டாம இருக்கும், சில இன்ஜின்ல ஆயில் அளவு பாக்கற டிப்ஸ்டிக்க முழுசா அழுத்தாம விட்டாக்கூட ஆகும். டேங்க் ஃபுல் பண்ணுன உடனே மட்டும் ஐடில் கொழறுச்சுன்னா டேங்க்ல இருந்து பெட்ரோல் ஆவிய இன்ஜினுக்கு விடற பர்ஜ் வால்வு தொறந்தே மாட்டிக்கிச்சான்னு பாக்கச் சொல்லு. ஆங், கேக்க மறந்துட்டேன், பாட்டு செட்டு மாட்டுன கடைல பேட்டரிய கழட்டுனானா? கழட்டிருந்தா இசியூ கத்துவச்சிருந்தத மறந்திருக்கும், கொஞ்ச தூரம் ஓட்டுனா தானா சரியாயிரும்.

உங்க சர்வீஸ்காரர் "எல்லா வண்டியும் இப்படித்தான் சார்"னு அனுப்பி வச்சாருன்னு எழுதிருக்க. அவர் சொல்றது பாதிக்கு மேல உண்மையாத்தான் இருக்கும், ஆனா பாக்காமயே சொல்றதுதான் எனக்குப் புடிக்கல. அடுத்த தடவ வாயால சொல்லாத. ஏசி ஆஃப், இன்ஜின் சூடு, நியூட்ரல், இத்தனைல இருந்து இத்தனை வரைக்கும் ஆடுதுன்னு ஜாப் கார்டுல எழுத வச்சு காப்பி வாங்கு, போன்ல மீட்டர வீடியோ எடுத்துக்க, நாளைக்கு வாரண்டின்னு வந்தா இதுதான் பேசும். மொத சர்வீஸ்லயே திராட்டில் பாடி கிளீனிங், டீகார்பனைசிங்னு பில்லுல சேத்தா ஒத்துக்காத, புது இன்ஜின்ல ஏது அவ்வளவு கரி.

கோயமுத்தூர் பக்கம் எறங்குனா வண்டிய இங்கயே கொண்டா, என்கிட்ட இசியூ சொல்றதப் படிக்கற சின்ன ஓபிடி ரீடர் இருக்கு, இசியூ பெட்ரோல எவ்வளவு கூட்டிக் கொறைக்குதுங்கற ஃபியூல் ட்ரிம் கணக்க போன்லயே பாத்துரலாம். ஐடில்ல பிளஸ் 10 சதவீதம் தாண்டி நின்னு, ஆர்பிஎம்ம 2500ல வச்சா கொறஞ்சுதுன்னா பெரும்பாலும் காத்து லீக்குதான், அப்புறம் அந்த நம்பரையே சர்வீஸ்காரர்கிட்ட நீட்டு.

உன்,
ரவி